கடைவீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பே பொருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்குச் சாயம் அடிக்கும் ஜார்ஜ்டவுன் கடைவீட்டுக்காரர்கள் (கீழே கடையும் மேலே வீடுமான பழைய கட்டடம் வைத்திருப்போர்) கவனிக்க: பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியாகவே வெளியேற வேண்டும். எமல்ஷன் (பிளாஸ்டிக் படலமாகக் காயும் சாயம்) பூசினால் அந்த ஈரம் அடைபட்டு, உப்புப் பூத்து, சாயம் கொப்புளித்து உரியும். அதன் மேலேயே மறுபடி பூசுவது வீண் செலவு.

பழைய சாயத்தைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே இறங்கும். நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து வடிகட்டி, சுவரை நனைத்து, மெல்லிசாக 4 அல்லது 5 பூச்சு, நாளுக்கு ஒன்று. கெட்டியாக அடித்தால் பொருக்காகக் கொட்டும். நிறத்துக்குக் காவி, மஞ்சள் மண் நிறமிகள் போதும். அவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். காய்ந்தால் நிறம் நன்றாக வெளிறும், ஆகவே முதலில் மூலையில் கொஞ்சம் பூசிப் பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம்.

வாசகர், பினாங்கு