பழைய அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் பகிர்வு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நாம் சேகரிக்கும் அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் (பெரிய பதிப்பகங்களுக்கு வெளியே, தணிக்கையின்றி வெளிவந்த படக்கதைகள்) இதழ்கள் பெரியவர்களுக்காகவே வரையப்பட்டவை என்பதால், 18 வயது நிறைந்தவர்களை மட்டுமே குழுவில் சேர்க்க வேண்டுகிறோம்.

இவ்விதழ்கள் பலமுறை மறுஅச்சு கண்டவை; ஆகவே சரிபார்க்காமல் ‘முதல் அச்சு’ என்று எழுதிப் பிரதியைப் பரிமாற வேண்டாம். 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்த, ஓவியர் ராபர்ட் கிரம்பின் ‘ஸாப் காமிக்ஸ்’ முதல் இதழில், பின்னட்டையின் அடியில் அச்சிட்டவராக சார்லஸ் பிளைமெல் பெயர் உள்ள பிரதியே முதல் அச்சாகும். அட்டை விலையை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களில் அடியேனும் ஒருவன். ஆகவே படம் இடும்போது பின்னட்டையையும், துருவேறிய ஸ்டேப்பிள் பின் தாளில் பதித்த பழுப்புக் கறையையும் மறைக்காமல் காட்டுங்கள்.

உள்தாள் மலிவான நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதம். அமிலத்தால் மஞ்சளாகி ஓரம் நொறுங்கும். பிவிசி பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துப் பாலியஸ்டர் உறையில் வைக்கவும்.

பல ஓவியர்கள் தம் படைப்புகளின் காப்புரிமையைத் தாமே வைத்திருந்தனர். எனவே முழு இதழின் ஸ்கேன் கோப்புகளை இங்கே பகிர வேண்டாம், பேச்சுக்குத் தேவையான ஓரிரு பக்கங்கள் போதும். அவ்வாறு வரும் முழுக் கோப்புகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்படும்.

– குழு நிர்வாகி