தியாகப் பட்டம் யார் கேட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தினச் சிறப்பிதழில் பிரிட்டிஷ் பெண் டாக்டர்கள் ஃப்ளோரா மரே, லூயிசா காரெட் ஆண்டர்சன் பற்றிய கட்டுரையை 'இல்லற சுகத்தைத் துறந்து சேவைக்கே வாழ்வை அர்ப்பணித்தவர்கள்' என்று முடித்திருக்கிறீர்கள். துறந்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவர்கள். மரே 1923-ல் இறந்தார். இங்கிலாந்தில் பென் கிராமத்து தேவாலயத்தில் இருக்கும் அவருடைய கல்லறையில் லூயிசாவின் பெயரும் இருக்கிறது. பெருமகிழ்ச்சியோடு வாழ்ந்தோம் என்றும் பொறித்திருக்கிறது. கல்லில் வெட்டி வைத்தும் நம்பமாட்டீர்கள் போலிருக்கிறது.

முதல் உலகப் போரில் அவர்கள் செய்த பணிக்கு நீங்கள் ஒதுக்கியது மூன்றே வரி. பெண்களின் ஓட்டுரிமைக்காக ஜன்னல் கண்ணாடியை உடைத்து 1912-ல் ஜெயிலுக்குப் போனவர் லூயிசா. சொந்த நாட்டு ராணுவம் சேர்க்காது என்று தெரிந்துதான் 1914-ல் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்திடம் போய், பாரிஸில் ஒரு ஹோட்டலையே ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் புத்தி வந்தது. 1915 மே மாதம் லண்டன் எண்டெல் தெருவில் ராணுவ ஆஸ்பத்திரி. 573 படுக்கைகள்; டாக்டர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

பிஸ்மத்தும் அயோடோஃபார்மும் பாரஃபினும் கலந்த பசையைப் புண்ணில் வைத்துக் கட்டி, பல நாள் கட்டைப் பிரிக்காமல் விட்டார்கள் அங்கே. கட்டுரையில் இது எங்கே? அரசு மருத்துவமனையில் ஆண்கள் அறுவை வார்டில் வேலை பார்த்தவள் நான். டிரெஸ்ஸிங் டிராலியின் சத்தம் கேட்டாலே முரட்டு மீசைக்காரர்களும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். சலைன் ஊற்றி ஊற்றித்தான் ஒட்டிய துணியை உரிக்க வேண்டும். ஒரு நாள் அந்த வேதனை இல்லையென்றால் எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் கட்டுரையாளருக்கு, பாவம், தியாகம்தான் கண்ணில் பட்டது.

எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவரும் அவர் தோழியும் குவார்ட்டர்ஸில் ஒன்றாகவே இருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே ரேஷன் பை. சிஸ்டர் காலமானதும், அதுவரை எட்டிப் பார்க்காத அண்ணன் வந்து பீரோ சாவியை வாங்கிக்கொண்டார். இரங்கல் கூட்டத்தில், கல்யாணம் காட்சி பார்க்காமல் நோயாளிகளுக்கே உழைத்த உத்தமி என்றார்கள். தோழியைப் பேச யாரும் கூப்பிடவில்லை. அதே வசனத்தை உங்கள் இதழில் அச்சில் பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

இது ஒன்றும் புதிதல்ல. செவிலியர் தினத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் ஒப்பந்த நர்ஸ்களின் சம்பளம் பற்றிய பத்தியை வெட்டிவிட்டு, வாழ்த்தை மட்டும் போட்டீர்கள். கொரோனா நேரத்தில் எங்களைத் தேவதை என்றீர்கள். அதே பெண்கள் வேலை கேட்டு ரோட்டில் உட்கார்ந்தபோது உள்பக்கத்தில் ஒரு மூலை. லண்டனிலும் இதே கதைதான். போர் சமயத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவக் கல்லூரிகள் பல, பிறகு கதவைச் சாத்திக்கொண்டன. உங்களுக்குத் தெரியாததா!

படத்தின் கீழே இருவரின் பெயர்களும் இடம் மாறியிருக்கின்றன. அதையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். சந்தா கட்டியும் பொங்கல் மலர் இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் சம்பந்தப்பட்டவரிடம் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்