பாட்டுக் கொடுத்தவர்களுக்கும் பாய் விரித்தவர்களுக்கும்

பெரம்பூர் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் போன ஞாயிறு மாலை கூடிப் பாட்டுக் கேட்ட எல்லோருக்கும் வணக்கம். மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் கடைசிப் பாட்டு முடிந்ததுமே கலைந்துவிட்டோம். யாருக்கும் முறையாக நன்றி சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

அன்று கேட்டது ஒரே ஆல்பம்: சாலமன் பர்க் 2002-இல் பாடிய 'டோன்ட் கிவ் அப் ஆன் மீ'. மொத்தம் 11 பாட்டு, ஒன்றுகூட அவர் எழுதியதில்லை. வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பர்க் அமெரிக்காவில் பிலடெல்பியாக்காரர், தேவாலயப் பாட்டின் உருக்கத்தில் பிறந்த சோல் இசையைப் பாடியவர். சிறுவனாக இருக்கும்போதே தேவாலயத்தில் பிரசங்கம் செய்தவர். 60-களில் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிய பாட்டுகளில் சிலவற்றை இங்கிலாந்தின் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் பையன்கள் எடுத்துப் பாடினார்கள். உலகம் அவர்களைக் கொண்டாடியது, இவரை மெல்ல மறந்தது. அவர் ஒன்றும் ஓய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. சபை நடத்தினார், ஈமச்சடங்குத் தொழில் செய்தார், 21 பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆனார், கிடைத்த கம்பெனிகளுக்குப் பாடிக்கொண்டும் இருந்தார். குரல் எங்கேயும் போகவில்லை. அந்தக் குரலுக்கு ஏற்ற பாட்டும், அதைக் கெடுக்காமல் பதிவு செய்கிற ஆளும்தான் கிடைக்கவில்லை.

அதனால் முதல் நன்றி தயாரிப்பாளர் ஜோ ஹென்றிக்கு. அவர் இதைப் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்லத்தானே வேண்டும். பாப் டிலன், டாம் வெயிட்ஸ், வான் மாரிசன், எல்விஸ் காஸ்டெல்லோ, பிரையன் வில்சன், நிக் லோ என்று பாட்டெழுதிப் பாடுகிற இத்தனை பெரியவர்களின் பாட்டும் கையில் இருந்தால் வேறொருவர் என்ன செய்திருப்பார்? ஆளுக்கொரு வரியைக் கூடப் பாடவைத்து, வயலின் கூட்டத்தைச் சேர்த்து, பெரியவரை ஓரமாக உட்காரவைத்திருப்பார். ஹென்றி லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சின்ன வாத்தியக் குழுவைப் பிடித்தார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, நான்கே நாளில் முடித்தார். டிலனோ வெயிட்ஸோ மைக் பக்கமே வரவில்லை. விருந்தாளிக் குரல் என்று எடுப்பாகக் கேட்பது, 'நன் ஆஃப் அஸ் ஆர் ஃப்ரீ' பாட்டில் வரும் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா குழுவுடையதுதான். அவர்களும் தேவாலயத்துப் பாட்டுக்காரர்கள் என்பதால் வீட்டு ஆள் வந்த மாதிரி இருக்கிறது.

பாட்டு எழுதியவர்களுக்கும் நன்றி. டிலன் கொடுத்த 'ஸ்டெப்சைல்ட்' அவர் 1978 சுற்றுப்பயண மேடைகளில் பாடியது. தன் ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் அவர் சேர்க்கவில்லை. பெட்டியில் கிடந்த பாட்டு சரியான வாய்க்கு வந்து சேர்ந்தது. தலைப்புப் பாட்டை டான் பென்னும் கூட்டாளிகளும் எழுதினார்கள். விட்டுப் போய்விடாதே என்று கெஞ்சுகிற பாட்டு. அதைக் கெஞ்சலே தெரியாமல் ஒரு பெரிய மனிதர் பாடும்போது கேட்பவருக்குத்தான் சங்கடமாகிறது. பிரையன் வில்சன் பாட்டு மட்டும் எனக்குத் தித்திப்பு அதிகம். கல்லூரியில் படிக்கும் எங்கள் வீட்டுப் பெண் அதுதான் இருப்பதிலேயே சிறந்தது என்று சண்டைக்கு வந்தாள். சண்டை இன்னும் முடியவில்லை.

சரி, இனி நம் ஆட்கள்.

மூன்றாம் மாடி அங்கிள், ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் உங்களுடையவை. தூக்கி ஏற்றியவர்களும் உங்கள் பேரன்கள். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஜிம் ரீவ்ஸைத் தாண்டி வேறு யாரையும் கேட்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். 1961-இல் பர்க்கைப் பிரபலமாக்கியதே ஒரு கன்ட்ரி பாட்டுதான் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். அதைவிட, அந்த ஆர்கனைப் பற்றி நீங்கள் சொன்னதற்குப் பெரிய நன்றி. வாசித்தவர் ரூடி கோப்லண்ட், பர்க்கின் சபையில் வாசித்தவர், பார்வையற்றவர். கோயிலில் ஆர்கன் வாசித்துப் பழகியவருக்கு இசைக்குறிப்புத் தாளைப் பார்க்க வேண்டியதில்லை, பிரசங்கியார் மூச்சு எடுக்கும் இடம் தெரிந்தால் போதும் என்றீர்கள். அதன் பிறகு எல்லோரும் அந்த மூச்சைத்தான் கேட்டோம்.

மிருதங்க வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம் கலந்த நன்றி. டிரம்ஸ் வாசித்த ஜே பெல்லரோஸ் பற்றிக் கேட்டதற்கு, "வயசான வித்வான் நிரவல் பண்ணும்போது பக்கத்துல உட்கார்ந்தவன் மாதிரி வாசிக்கிறான்" என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். நான் எழுதிவைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பைப் படிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

வக்கீல் அக்கா, காஸ்டெல்லோவும் கேட் ஓரியார்டனும் எழுதிய 'தி ஜட்ஜ்மென்ட்' பாட்டின் சாரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்ததற்கு நன்றி. காதலைக் கோர்ட்டு வழக்காக நடத்துகிற பாட்டு. குறுக்கு விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வருகிறது, அப்பீலுக்குப் போகலாம் என்று நீங்கள் எழுந்து சொன்னபோது சிரித்த சிரிப்பில் பாதிப் பாட்டு போய்விட்டது. திரும்பப் போட்டோம்.

பாயும் சுண்டலும் கொண்டுவந்த முதல் மாடி மாமிக்கும், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்த அவர் மாமியாருக்கும் நன்றி. "இவரு சாமியக் கூப்பிடுற குரல்லயே பொண்டாட்டியையும் கூப்பிடுறாரு" என்று பாட்டி சொன்னது பர்க்கைப் பற்றி நான் கேட்டதிலேயே சுருக்கமான விமர்சனம். அவர் பிஷப் என்று நான் அப்போது சொல்லியிருக்கவில்லை.

அப்புறம், அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி இந்த ஆல்பத்துக்குக் கிடைத்ததா என்று கேட்ட தம்பிக்குப் பதில். ஆமாம், 2003-இல் கிடைத்தது. கொடுத்தது சமகால ப்ளூஸ் பிரிவில். ஆயுள் முழுக்க சோல் பாடியவருக்கு ப்ளூஸ் விருது! கர்நாடகப் பாடகருக்கு மெல்லிசை விருது கொடுத்த கதைதான். ஆனாலும் அவர் வாழ்க்கையில் கிடைத்த ஒரே கிராமி அது, சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவருடைய 2010 ஆல்பத்தைப் போடலாம் என்று யோசனை. டே டைக் என்ற டச்சுக் குழுவின் பாட்டுகளை ஆங்கிலமாக்கி அவர்களுடனே பாடியது. அவர்களோடு மேடை ஏறுவதற்காக ஆம்ஸ்டர்டாம் போனவர், அந்த அக்டோபர் 10 அன்று ஸ்கிபோல் விமான நிலையத்திலேயே இறந்துபோனார். ஆல்பத்துக்கு 'ஹோல்ட் ஆன் டைட்' என்று பெயர். சிடி யாரிடமாவது இருந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கிளிடம் ஸ்பீக்கருக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.