பேட்டரியை மாற்றும் முன்…

ஆசிரியர் அவர்களுக்கு,

செல்போனில் சார்ஜ் மெதுவாக ஏறினாலே பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் போனை அணைத்துவிட்டு, சார்ஜர் சொருகும் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பை நூல்பிசிறும், பீடி சுற்றும் மேலப்பாளையம், முக்கூடல் பக்கமென்றால் பீடித்தூளும் சேர்ந்து, அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். அதனால் சார்ஜர் முனை முழுதாக இறங்காது. மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். ஊசி, ஹேர்பின் கூடவே கூடாது. உள்தகடு வளைந்தால் துளையையே மாற்ற வேண்டிவரும்.

சார்ஜரில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும், மெல்லிய கம்பியுள்ள மலிவு கேபிளில் மின்னழுத்தம் குறையும். போனும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டர் யுஎஸ்பி துளையில் 0.5 ஆம்பியர்தான் கிடைக்கும். அக்னி நட்சத்திர நாளில் போன் சூடேறினாலும் வேகம் குறையும். 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாக ஏறுவது பழுதே அல்ல.

செல்போன் பழுதுநீக்குவோர்,
பாளையங்கோட்டை