பார்த்துக்கொள்கிற பெண்களை இப்படி நடத்தினால் எங்கள் அப்பாவை யார் பார்ப்பார்கள்? உங்கள் முதியோர் இல்லம் பற்றிய புகார்

பெறுநர்: நிர்வாக இயக்குநர், தலைமை அலுவலகம், கோவை

ஐயா,

வணக்கம். தொண்டாமுத்தூர் ரோட்டில் இருக்கும் உங்கள் முதியோர் இல்லத்தில், கீழ்த்தளத்தில் தங்கியிருக்கும் ஒரு பார்க்கின்சன் நோயாளியின் மகள் நான். மேனேஜருக்கு அனுப்பாமல் நேராக உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் புகாரில் பாதி அவரைப் பற்றியது, மீதி அவருக்கு மேலே உட்கார்ந்து ஆள் கணக்குப் போடுபவர்களைப் பற்றியது.

அட்டெண்டர் பெண்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், அங்கே யாராவது வாயைத் திறந்தாலே "எந்த ஸ்டாஃப் மேடம், பேரைச் சொல்லுங்க, இன்னைக்கே அனுப்பிடறோம்" என்றுதான் மேனேஜர் கேட்கிறார். யாரையும் அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. ஒருவரை அனுப்பிவிட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் வரை அப்பாவைப் பகலில் பார்த்துக்கொண்டவர் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஏஜென்சி மூலம் வந்தவர். அப்பா அவரை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்கு எந்தப் பக்கம் கை நடுங்கும், எந்த நேரத்தில் கால் எழும்பாது, எப்போது பேச்சு குழறும் என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தபோது கதவைச் சாத்திவிட்டு, அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தைக் காட்டினார். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. "அக்கா, ராத்திரியில திருப்பிப் போட ஆள் இல்ல, டாக்டர்கிட்ட சொல்லுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் காரிடாரில் கேமரா இருக்கிறதே, கதவு சாத்தியிருந்தது தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் வந்தபோது அவர் இல்லை. "விசிட்டர்கிட்ட உள் விஷயம் பேசறாங்க, ஹவுஸ் ரூல்ஸ் மீறல்" என்று சொன்னார்கள்.

என் அப்பாவின் முதுகில் இருக்கும் புண் என்னிடம் சொல்லக்கூடாத உள் விஷயமா?

வெளியில் கூட்டிப்போய்க் காட்டியபோது டாக்டர் அது இரண்டாம் நிலைப் படுக்கைப் புண் என்றார். அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், ஈரத்தில் விடக்கூடாது, ஆல்ஃபா பெட் என்கிற காற்று மெத்தை போட்டாலும் திருப்பத்தான் வேண்டும் என்பதெல்லாம் நர்சிங் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிற விஷயம். உங்கள் ஆட்களுக்கும் அது தெரியும். அறைக் கதவுக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு சார்ட் தொங்குகிறது: காலை 6, 8, 10, 12 என்று கட்டம் போட்டு, இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க என்று டிக் அடிக்க வேண்டும். நான் அதைப் பார்த்தபோது மாலை நாலரை மணி. இரவு 10 மணி வரைக்கும் டிக் அடித்திருந்தது. ஒரே நீலப் பேனா, ஒரே கை, வரிசையாக ஒரே சாய்வில். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இதைக் காட்டினால் டிக் அடித்த பெண்ணைத்தான் முதலில் பிடிப்பீர்கள் என்று தெரியும். அவரிடம் கேட்டேன். சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நூறு ரூபாய் பிடிப்பார்களாம். பதினோரு பேருக்கு இரவில் ஒரே ஒரு அட்டெண்டர். ஒருவரைத் திருப்பி, துடைத்து, டயப்பர் பார்த்து, தலையணை முட்டுக் கொடுக்கப் பத்து நிமிடம் வைத்தால்கூடப் பதினோரு பேருக்கு நூற்றுப்பத்து நிமிடம் ஆகும், மூச்சு விடுவதற்குள் முதல் ஆளுக்கு மறுபடி நேரம் வந்துவிடும். நடுவில் யாராவது பெல் அடித்தால் அதுவும் போச்சு. செய்யவே முடியாத வேலையைக் கொடுத்துவிட்டுச் செய்ததாக எழுதாவிட்டால் காசு பிடிப்போம் என்றால் பொய்தான் எழுதுவார்கள். நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன். சேரும்போது நீங்கள் கொடுத்த புத்தகத்தில், வழவழ தாளில் அச்சடித்தது, நாலு பேருக்கு ஒரு அட்டெண்டர், 24 மணி நேரமும் என்று இருக்கிறது. அந்த 24 மணி நேரத்தில் இரவு சேராதா?

அடுத்து டயப்பர். இது சின்ன விஷயம் என்று மேனேஜர் சிரித்தார், எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எனக்கு வரும் பில்லில் ஒரு நாளைக்கு ஐந்து டயப்பர் போடுகிறீர்கள். ஸ்டோர் சாவி மேனேஜர் மேஜை டிராயரில் இருக்கிறது, ஸ்டோரிலிருந்து ஒரு ஆளுக்குத் தருவது மூன்று. நாலாவது கேட்டால் "தண்ணி அதிகமா குடுக்காதே" என்று பதில் வருகிறதாம். 81 வயது மனிதருக்குத் தண்ணீரைக் குறைத்தால் மூத்திரத்தில் இன்ஃபெக்‌ஷன் வரும், மலச்சிக்கல் வரும், பார்க்கின்சன்காரர்களுக்கு மலச்சிக்கல் ஏற்கெனவே பெரும்பாடு. இதில் கொடுமை என்னவென்றால், போட்டுவிடும்போது ஒட்டு கிழிந்து ஒன்று வீணாகிப் போனால் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் 40 ரூபாய் கழிக்கிறீர்கள். நான் ஐந்துக்குக் காசு கட்டுகிறேன், அப்பாவுக்குப் போவது மூன்று, கிழிந்ததற்கு அந்தப் பெண்ணும் காசு கட்டுகிறார். அப்போது மீதி இரண்டு எங்கே போகிறது என்று எனக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்குப் பெரிய பயம். அப்பாவுக்கு பார்க்கின்சனுக்கான சின்டோபா மாத்திரை நாலு வேளை, காலை 6, 11, மாலை 4, இரவு 9. நரம்பியல் டாக்டர் மணி குறித்து எழுதிக் கொடுத்திருக்கிறார், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும், பால், பருப்பு, முட்டையோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது என்றும் எழுதியிருக்கிறார். நேரத்துக்குக் கொடுத்தால் அப்பா தானே பல் துலக்குவார், சட்டைப் பட்டனைக்கூட மெதுவாகப் போட்டுக்கொள்வார். தள்ளிப்போனால் நடு அறையில் கால் எழும்பாமல் அப்படியே நின்றுவிடுவார், பிடிக்க ஆள் இல்லையென்றால் விழுவார். பழைய அட்டெண்டர் தன் போனில் அலாரம் வைத்திருந்தார். ட்யூட்டி நேரத்தில் போனை வாங்கி லாக்கரில் வைக்கும் ரூல் வந்த பிறகு கையில் வாட்ச் கட்டிக்கொண்டு சமாளித்தார். அவரும் போன பிறகு எல்லோருக்கும் எட்டு மணி ட்ரேயில் வருகிற மாத்திரைகளோடு சேர்த்து, பாலோடு கொடுக்கிறார்கள். அதற்கப்புறம் அப்பா இரண்டு முறை விழுந்திருக்கிறார். "வயசானா விழத்தான் செய்வாங்க" என்று உங்கள் நர்சிங் இன்சார்ஜ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

சாப்பாடு ஊட்டுவதும் அப்படித்தான். அப்பாவுக்கு விழுங்குவது சிரமம். நிமிர்த்தி உட்கார வைத்து, குழைந்த சாதம் அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகக் கொடுத்து, விழுங்கியாச்சா என்று தொண்டையைப் பார்த்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். ஐந்து பேருக்கு ஊட்ட ஒருவரை விட்டால் அவர் என்ன செய்வார், கிண்ணத்தோடு கட்டில் கட்டிலாக ஓடுகிறார். புரை ஏறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். டாக்டர் எங்களை முதல் நாளே எச்சரித்த விஷயம் இது.

ஆள் கிடைப்பதில்லை, நின்றால்தானே பழக்க முடியும் என்று மேனேஜர் அலுத்துக்கொள்கிறார். ஏன் நிற்பார்கள் சார்? காலை 8 முதல் இரவு 8 வரை பன்னிரண்டு மணி நேரம். மாற்றாள் வரவில்லையென்றால் அப்படியே இரவும் தொடர வேண்டும், அதற்குத் தனிக் காசு கிடையாது. ஏஜென்சி பிடித்தம் போக அவர்கள் கைக்கு வருவது பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது, பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தால் அதற்குக் கணக்காவது உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. நல்லது, அவர்களாவது பிழைக்கட்டும்.

இந்தப் பெண்களுக்குத் தங்க ஒரு அறை கிடையாது. லினன் ரூமுக்கு வெளியே பாய் விரித்துப் படுக்கிறார்கள். மதியம் தாத்தா பாட்டிகளுக்குப் போக மிச்சம் இருந்தால் சாப்பாடு, இல்லையென்றால் சாதமும் ஊறுகாயும். ஜவுளிக்கடையில் நின்றே வேலை செய்கிற பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். உங்கள் இல்லத்திலோ காரிடாரில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் "உட்கார்ந்தா தூங்கிடறாளுங்க" என்று எடுத்துவிட்டார் மேனேஜர். என்னிடம் "வாங்க மேடம், காபி சாப்பிடறீங்களா" என்று கேட்கிற அதே வாய், திரும்பி நின்று தன் அம்மா வயதில் இருக்கும் ஆயாவை "ஏய், இங்க வாடி" என்கிறது. கோயம்புத்தூரில் சின்னக் குழந்தையிடம்கூட "வாங்க, போங்க" என்று பேசுகிற ஊர்க்காரர் அவர், மரியாதை தெரியாமல் பேசுகிறார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அப்பா 70 கிலோவுக்கு மேல். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். தனியாகத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு, பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு நாள் நிமிரவே முடியாமல் போனபோது லீவு போட்டு ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், சம்பளமில்லா லீவு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பெண்ணிடம் ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று கேட்டதற்கு அது என்ன என்று திருப்பிக் கேட்டார். ஏஜென்சி ஆள், எங்கள் ஆள் இல்லை என்று தட்டிக்கழிக்காதீர்கள். உங்கள் பெயர் போட்ட சுடிதாரைப் போட்டுக்கொண்டுதான் என் அப்பாவைக் குளிப்பாட்டுகிறார்.

இதையெல்லாம் ஏற்கெனவே வாயால் சொல்லியாயிற்று. முதலில் "பாத்துக்கறோம்", அப்புறம் "உங்க அப்பா கொஞ்சம் டிஃபிகல்ட் மேடம்", அதற்கப்புறம் "பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கலாமே". குடும்பத்தார் வாட்ஸ்ஆப் குரூப்பில் இரவில் எத்தனை ஸ்டாஃப் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன், மறுநாள் காலையில் குரூப்பில் நான் இல்லை. பொங்கலுக்குக் கோலம் போட்ட போட்டோக்களை மட்டும் அனுப்ப ஒரு குரூப் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

வேறு இடம் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அப்பாவுக்கு அந்த வேப்பமரத்தடியும், பக்கத்து அறை வாத்தியாரோடு செய்தித்தாள் படிப்பதும் பிடித்திருக்கிறது. இடம் மாற்றினால் அவருக்குக் குழப்பம் கூடும். மாதம் 45,000 ரூபாயும் மருந்துச் செலவும் ஒரு தேதி தவறாமல் வருகிறது. அதனால் நான் கேட்பதைச் செய்ய வேண்டியது நீங்கள்தான்.

நீங்கள் அனுப்பிவிட்ட அட்டெண்டருக்கு வேலை செய்த நாட்களின் சம்பளமும், சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட பத்தாம் வகுப்பு ஒரிஜினல் சான்றிதழும் இன்னும் போய்ச் சேரவில்லை. அதை உடனே கொடுங்கள். அவர் திரும்ப வரச் சம்மதித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் அது அவர் இஷ்டம். கீழ்த்தளத்தில் இரவுக்குக் குறைந்தது மூன்று பேராவது வேண்டும். அப்பாவின் மாத்திரை டாக்டர் எழுதிய மணிக்குத்தான், எட்டு மணி ட்ரேயோடு அல்ல. காலிக் கட்டத்துக்கும் கிழிந்த டயப்பருக்கும் சம்பளம் பிடிப்பதை நிறுத்துங்கள், நிறுத்தியதை ஸ்டாஃப் நோட்டீஸ் போர்டில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள், நான் வந்து பார்ப்பேன். கடந்த ஆறு மாத டயப்பர் பில்லும் ஸ்டோர் ரிஜிஸ்டர் நகலும், சமூக நலத்துறைப் பதிவுச் சான்றிதழின் நகலும் எனக்கு வேண்டும். நாற்காலிகளைத் திரும்பப் போடுங்கள், அதற்கு போர்டு மீட்டிங் எல்லாம் தேவைப்படாது.

பதினைந்து நாட்களில் பதில் வராவிட்டால் இதே கடிதம் போட்டோக்களோடு மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கும், தொழிலாளர் துறைக்கும், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகும். முதியோர் உதவி எண் 14567-ல் ஏற்கெனவே பேசிவிட்டேன், எழுத்தில் கொடுத்துப் பாருங்கள் என்று அவர்களும் சொன்னார்கள், அதைத்தான் இப்போது செய்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யார் என்னிடம் பேசினார்கள் என்று கேமராவை ஓட்டிப் பார்த்து இன்னொரு பெண்ணை அனுப்பினால் அதையும் சேர்த்தே எழுதுவேன்.

மேனேஜரை விட்டு போன் செய்யச் சொல்ல வேண்டாம். பதில் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு வரட்டும்.

இப்படிக்கு,
கீழ்த்தளம், ஏழாம் எண் அறையில் இருப்பவரின் மகள்,
ஈரோடு