இனிஷியலுக்கு ஒரு கட்டம் போடக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் பாஸ்போர்ட் தாமதம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தகவலுக்காக. இரண்டாம் தடவை, அந்த ஒரு வரி நிஜமாகவே அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க. பெயர்க் குழப்பங்களுக்குப் பெரும்பாலும் விண்ணப்பதாரர்களின் அலட்சியமே காரணம் என்று உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிவிட்டார்.

31 வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், என் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, இனிஷியல் முன்னாலா பின்னாலா, நடுவில் புள்ளி உண்டா என்று கேட்டு, பெற்றோர் கையெழுத்து வாங்கி அனுப்பியவள். என்னை எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், அலட்சியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அப்பா ஆசையாக வைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஆங்கிலத்தில் அது இசட்-எச். ஆதார் எடுத்த பையன் எல் என்று தட்டினான். கணினி தன் பங்குக்குத் தமிழிலும் அதை லகரமாக்கியது. திரையைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்களே என்பீர்கள். சொன்னான். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்க, நான் பையிலிருந்து கண்ணாடியை எடுப்பதற்குள் "ஓகேதானே மேடம்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டும் விட்டான். குடும்ப அட்டை ஸ்மார்ட் கார்டாக மாறியபோது வேறொரு கூத்து. அதில் நான் என் கணவருக்கு மூன்று வயது அக்கா. அதற்கு அலைந்த கதையை இங்கே எடுத்தால் உங்கள் பக்கம் போதாது.

அப்புறம் பாஸ்போர்ட். துபாயில் மகளுக்குப் பிரசவம். டோக்கன் வாங்கி, ஏ கவுண்டரில் புகைப்படமும் கைரேகையும் கொடுத்து, பி கவுண்டருக்குப் போனேன். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். நம் வீடுகளில் கல்யாணமான பெண்ணுக்கு இது ஊரறிந்த விஷயம். "இனிஷியலே எடுக்காதும்மா, விரித்து எழுதணும். சர்நேம் என்ன?" என்றார் அதிகாரி. எனக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரைப் போட்டால் ஆதாரோடு ஒட்டாது, கணவர் பெயரைப் போட்டால் சான்றிதழோடு ஒட்டாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாமே என்று கட்டுரையாளர் கேட்கலாம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வந்தால் அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது அவருக்கு நினைவிருக்கும். அப்பா பெயர் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனால் விமான நிலையத்தில் போய் நின்று அதை விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

ஆக, மறுபடி ஆதார் திருத்தம். ஆதாரில் பெயர் மாற்றம் ஆயுளுக்கு இரண்டே முறை. ழகரத்துக்கு ஒன்று, இனிஷியலுக்கு ஒன்று, எனக்கு இரண்டும் தீர்ந்தது. பேரன் பிறந்து, பெயர் வைத்து, அவன் குப்புற விழ ஆரம்பித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

எதுவுமே மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தினார்கள். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்றானது. நோட்டரி முத்திரைக்கு அலையாமல் வெள்ளைத் தாளில் நாமே உறுதிமொழி எழுதித் தரலாம் என்றானது. 2017 முதல் அஞ்சலகங்களிலும் சேவை மையம் வந்தது. எல்லாம் சரி. ஆனால் கோடிக்கணக்கான தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்ற விவரம் படிவம் தயாரிப்பவர்களுக்கு எட்டவே இல்லை. இங்கேயோ, பெயரோடு இனிஷியலையும் தமிழிலேயே எழுதுங்கள் என்று 2021 டிசம்பரில் மாநில அரசு ஆணை போட்டது. மகிழ்ச்சிதான், என் இனிஷியல் அ. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் ஒரு ஆணை போட்டிருக்கலாம்.

படிவத்தை மாற்றுங்கள் என்று கேட்டால் நடக்கிற காரியமா, தெரியாது. என் வேண்டுகோள் சின்னது. இனிஷியல் உள்ளவர்கள், கல்யாணமான பெண்கள், அப்பா பெயர் வேண்டாம் என்பவர்கள் இந்தப் படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று மாதிரி ஒன்றைத் தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். இ-சேவை மையச் சுவர்களில் அதை ஒட்டச் சொல்லியும் எழுதுங்கள். கட்டுரையாளரையே நிரப்பித் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

பெயர் போட வேண்டாம். போட்டாலும் எந்த ஆவணத்தில் உள்ளபடி என்று நீங்கள் எனக்குப் போன் பண்ண வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை