சின்னக் குளிசையை நிறுத்தாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன மாரியில் ஒருநாள் விடிய அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. புரொஸ்டேட் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர். நோய் முற்றிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்தோம். விசாரித்தால், இரண்டு கிழமையாகப் பிரெட்னிசலோன் குளிசையை விட்டிருக்கிறார். "அது ஸ்டீரொயிட், எலும்பை அரிக்கும், சீனியைக் கூட்டும்" என்று யாரோ சொன்னார்களாம். புற்றுநோய்க்கான விலை கூடிய அபிராடெரோன் மருந்தை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை.

இந்த நோய் ஆண் ஹோர்மோனில் வளர்வது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி விதைகளில் அது சுரப்பதை நிறுத்தும். அப்படியிருந்தும் சிலருக்குப் பி.எஸ்.ஏ. (இந்த நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் அளவு) திரும்ப ஏறும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியிலும் கட்டிக்குள்ளேயும் ஹோர்மோன் உண்டாவது ஒரு காரணம். அபிராடெரோன் அங்கேயும் போய் அடைக்கிறது. ஆனால் அதே அடைப்பால் உடம்புக்குத் தேவையான கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோனும் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட மூளை அதிரீனலை விரட்ட, உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அப்பாவுக்கு நடந்தது இதுதான். குறைந்த கோர்ட்டிசோலுக்குப் பதிலாக நின்று இதைத் தடுக்கத்தான் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனைக் காலையும் மாலையும் தருகிறார்கள். 2011இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அபிராடெரோன் எடுத்தவர்கள் உயிரோடு இருந்த காலத்தின் இடைநிலை 14.8 மாதம் (பாதிப்பேர் இதைவிடக் கூட இருந்தார்கள்), எடுக்காதவர்களுக்கு 10.9. இரண்டு பகுதியினருக்கும் இந்தச் சின்னக் குளிசையும் கொடுக்கப்பட்டது. சீனி வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதிக்கட்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது. ஊசியும் அப்படித்தான், பி.எஸ்.ஏ. ஏறினாலும் அது தொடர வேண்டியது.

அப்பாவில் எனக்குக் கோபம் இல்லை. மருந்து வாங்கிய இடத்தில் உறையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அபிராடெரோனை வெறும் வயிற்றில் போட வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, அப்புறம் ஒரு மணித்தியாலம் சாப்பாடு இல்லை. பிரெட்னிசலோனோ சாப்பாட்டோடு. வயலுக்குப் போய்ப் பழகிய எழுபது வயது மனிசனுக்கு இதை ஒருதரம் அவசரமாகச் சொன்னால் நிற்குமா? மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் இருந்து விடியப்புறம் பஸ் ஏறித் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், ஒரு சந்தேகம் கேட்கத் திரும்பவும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.

இந்த மருந்துகளைக் கொடுக்கும் எல்லா இடங்களிலும் தமிழில் ஒரு துண்டுத் தாளாவது கொடுக்கச் சுகாதாரத் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும். எது வெறும் வயிற்றில், எது சாப்பாட்டோடு, எதை ஏன் விடக் கூடாது, கால் வீங்கினால் யாரிடம் போவது என்று அதில் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் இப்போதைக்கு நானே அப்பாவின் குளிசைப் பெட்டி மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "இரண்டும் ஒரு சோடி."

இப்படிக்கு,
ஒரு மகள்,
மாங்குளம்.